கேள்வி பதில்: ஓடும் மின்னூட்டத்தைக் காந்தம் எந்தப் பக்கம் தள்ளும்?

காந்தப்புலத்துக்குள் ஓடும் மின்துகள் மீது ஏற்படும் விசை பற்றி இந்த மாதம் நிறையக் கடிதங்கள். பள்ளிக்கூடம், வெல்டிங் பட்டறை, கல்லூரி ஆய்வகம், ஸ்கூட்டர் மெக்கானிக் கடை, குடிநீர்த் திட்டம் என்று வெவ்வேறு இடங்களிலிருந்து வந்திருந்தாலும் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே விசைதான். அதனால் சேர்த்தே பதில் தருகிறோம்.

கேள்வி: நிற்கிற மின்னூட்டத்தைக் காந்தம் ஒன்றும் செய்யாது, ஓடினால்தான் விசை என்று பாடத்தில் இருக்கிறது. அந்த விசை வேலையே செய்யாது என்றும் இருக்கிறது. தள்ளுகிறது, ஆனால் வேலை செய்யவில்லை என்றால் எப்படி? எலக்ட்ரானுக்குத் திசை போடும்போதும் அடிக்கடி தப்பாகிறது.
– பிளஸ் டூ மாணவி, திண்டுக்கல்

பதில்: கயிற்றில் கல்லைக் கட்டிச் சுழற்றுங்கள். கயிறு கல்லை நடுப்பக்கமாக இழுக்கிறது. கல்லோ வட்டத்தின் ஓரமாகவே போகிறது. இழுப்பு ஒரு பக்கம், போக்கு அதற்குச் செங்குத்தாக இன்னொரு பக்கம். அதனால் கயிற்றின் இழுப்பு கல்லின் வேகத்தைக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை, திருப்புகிறது, அவ்வளவுதான். காந்தவிசையும் இதே மாதிரி. துகள் எந்தப் பக்கம் ஓடினாலும் விசை அதற்குக் குறுக்கேதான் விழும். வேலை என்பது போகும் திசையில் தள்ளுவது. அந்தத் திசையில் விசையே இல்லாதபோது வேலை சுழி.

அளவைச் சொல்வதானால்: மின்னூட்டம் × திசைவேகம் × காந்தப்புலம் × சைன் கோணம். கோணம் என்பது ஓட்டத்துக்கும் புலத்துக்கும் இடைப்பட்டது. புலக்கோட்டை ஒட்டியே ஓடினால் சைன் சுழி, விசையும் சுழி. நேர்குறுக்காக ஓடினால் வட்டம். சாய்வாக ஓடினால் ஸ்பிரிங் மாதிரி சுருள். வட்டத்தின் ஆரம் உந்தத்தை மின்னூட்டத்தாலும் புலத்தாலும் வகுத்தால் கிடைக்கும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். வேகம் இரட்டித்தால் ஆரமும் இரட்டிக்கிறது. ஆகவே ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் மாறுவதே இல்லை. 1 டெஸ்லா புலத்தில் எலக்ட்ரான் நொடிக்கு 2,800 கோடி சுற்று, புரோட்டான் 1.52 கோடி சுற்று. மெதுவாக ஓடுவதும் வேகமாக ஓடுவதும் ஒரே தாளத்தில் சுற்றும். 1930-களின் தொடக்கத்தில் லாரன்ஸ் கட்டிய சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கி இந்தத் தாளத்தை நம்பித்தான் ஓடியது. ஒளிவேகத்தை நெருங்கும்போதுதான் தாளம் தப்பும்.

திசைக்கு இடக்கை விதி: ஆள்காட்டி விரல் புலம், நடுவிரல் மின்னோட்டம், கட்டைவிரல் விசை. எலக்ட்ரானுக்கு நடுவிரலை அது ஓடும் திசைக்கு எதிராக வைக்க வேண்டும். இங்கேதான் தப்பு நடக்கிறது: நடுவிரலையும் திருப்பிவிட்டு, 'எலக்ட்ரான் எதிர்க்குறி ஆச்சே' என்று கடைசியில் விடையையும் திருப்பிவிடுகிறார்கள். இரண்டு முறை திருப்பினால் புரோட்டானின் விடை வந்துவிடும். ஒரு கணக்கில் கையைச் சரிபாருங்கள்: புலம் வடக்கு நோக்கி, எலக்ட்ரான் கிழக்கு நோக்கி. விசை கீழ்நோக்கி வர வேண்டும்.

'அப்படியானால் மோட்டார் எப்படிச் சுற்றுகிறது?' என்று அடுத்துக் கேட்பீர்கள். மோட்டாரில் வேலை செய்வது மின்கலம். கம்பி நகரத் தொடங்கியதும் உள்ளே ஓடும் எலக்ட்ரான்களுக்குக் கம்பியோடு சேர்ந்த இன்னொரு நகர்வும் கிடைக்கிறது. அதற்கான காந்தவிசை கம்பியின் நீளவாக்கில், மின்னோட்டத்துக்கு எதிராக விழுகிறது. எதிர் மின்னியக்குவிசை என்று படிப்பது அதைத்தான். அதை எதிர்த்து மின்கலம் எவ்வளவு ஆற்றலைக் கொட்டுகிறதோ அவ்வளவும் தண்டில் சுழற்சியாக வெளிவருகிறது. காந்தம் நடுவில் நின்று திசையைத் திருப்பிக் கொடுக்கிறது.

கேள்வி: டிசி வெல்டிங் செட்டில் 7018 வகை ராடு ஓட்டுகிறேன். தகட்டின் நடுவில் நன்றாகப் போகிறது. ஓரத்துக்கு வந்ததும் ஆர்க் ஒரு பக்கமாக வீசி அடிக்கிறது, ஸ்பேட்டர் (உருகிய துளிகள்) பறக்கிறது, ரூட் (ஜாயின்ட்டின் அடிப்பகுதி) சேரவில்லை. ராடு ஈரமா, செட் கோளாறா?
– வெல்டர், துவாக்குடி

பதில்: முதலில் ஒரு சோதனை. ஆர்க் வீசும்போது நிறுத்தி, ஹோல்டரில் ராடை அரைச்சுற்று திருப்பிப் பிடித்து மறுபடி ஓட்டுங்கள். வீச்சும் திரும்பினால் ராடின் மேல்பூச்சு ஒரு பக்கம் தடிப்பாக இருக்கிறது என்று பொருள். வீச்சு அதே பக்கம் நின்றால் காரணம் காந்தம். இதைத்தான் ஆர்க் ப்ளோ என்கிறோம். ஈர ராடு என்றால் இடம் பார்க்காமல் எங்கேயும் படபடக்கும், பீடில் (உருகிப் படிந்த வரியில்) துளை விழும். ஓரத்தில் மட்டும் தகராறு என்கிறீர்களே, அதனால் ராடும் செட்டும் நன்றாகவே இருக்க வாய்ப்பு அதிகம்.

ஆர்க் என்பது ஓடும் எலக்ட்ரான்களும் அயனிகளும்தான். அதைப் பிடித்து வைக்கக் கம்பி இல்லை. லேசாகத் தள்ளினாலும் வளையும். ராடைச் சுற்றியும் ஆர்க்கைச் சுற்றியும் மின்னோட்டமே ஒரு காந்தப்புலத்தை வளையம் வளையமாக உண்டாக்குகிறது. தகட்டின் நடுவில் இருக்கும்போது முன்னும் பின்னும் இரும்பு இருப்பதால் புலம் சமம். ஓரத்தில் அப்படி இல்லை. இரும்பை விட்டுக் காற்றுக்குள் போகக் காந்தக் கோடுகளுக்கு விருப்பம் இல்லை. மிச்சமிருக்கும் அந்தக் கொஞ்ச இரும்பில் நெருக்கி அடைகின்றன. அடர்த்தியான பக்கத்திலிருந்து ஆர்க் விலகி ஓடும். ஆகவே ஜாயின்ட்டின் தொடக்கத்தில் ஆர்க் முன்னோக்கி வீசும். முடிவில் பின்னோக்கி, ஏற்கெனவே போட்ட பீடின் மேல் வீசும்.

இதோடு எர்த்தின் பங்கும் உண்டு. மின்னோட்டம் ஆர்க் வழியாக இறங்கி, தகட்டில் எர்த் கிளாம்ப் இருக்கும் பக்கமாகத் திரும்புகிறது. அந்தத் திருப்பத்தின் உட்புறத்தில் புலம் அடர்த்தி. அது ஆர்க்கைக் கிளாம்புக்கு எதிர்ப்பக்கம் தள்ளும். இந்தத் தள்ளலை நமக்குச் சாதகமாக வைத்துக்கொள்ளலாம்: பின்வீச்சு தொல்லை என்றால் எர்த்தைத் தொடங்கும் முனையில் மாட்டுங்கள், முன்வீச்சு என்றால் முடியும் முனையில். செலவே இல்லாத வைத்தியம் இது. பட்டறைகளில் பலரும் செட்டைக் குறை சொல்லிவிட்டுக் கிளாம்பை இருந்த இடத்திலேயே விட்டுவிடுகிறார்கள்.

அது போதாவிட்டால் ஜாயின்ட்டின் இரு முனையிலும் அதே தடிப்புள்ள துண்டுத் தகட்டை டேக் போட்டு ஒட்டுங்கள். ஆர்க்கை அந்தத் துண்டில் தொடங்கி அடுத்த துண்டில் முடியுங்கள். பிறகு வெட்டி எடுத்துவிடலாம். ஓரத்துத் தகராறு முழுக்கத் துண்டுக்குப் போய்விடும். ஆர்க்கின் நீளத்தைக் குட்டையாகப் பிடியுங்கள். ஆம்பியரை ராடு அட்டையில் போட்ட வரம்புக்குள் கொஞ்சம் இறக்குங்கள். நீளமான ஜாயின்ட் என்றால் பின்வாங்கிப் பின்வாங்கிச் சிறு சிறு பீடுகளாக ஓட்டுங்கள்.

ஏசி செட்டுக்கு மாறினால் சரியாகும் என்பது உண்மை. காரணம் மட்டும் பலர் சொல்வது போல் இல்லை. ஏசியில் மின்னோட்டம் திரும்பும்போது அது உண்டாக்கிய புலமும் கூடவே திரும்புகிறது. இரண்டும் திரும்பினால் விசை பழைய பக்கமே விழும். உண்மையில் நடப்பது, மாறிக்கொண்டே இருக்கும் புலம் தகட்டுக்குள் சுழல் மின்னோட்டங்களை எழுப்ப, அவை அந்தப் புலத்தையே அமுக்கிவிடுகின்றன. 7018 ஏசியிலும் ஓடும், செட்டின் திறந்த சுற்று மின்னழுத்தம் 70 வோல்ட் அளவில் இருந்தால். 6010, 7015 ராடுகள் டிசிக்கு மட்டுமே. வேலைக்கான வெல்டிங் நடைமுறைத் தாளில் டிசி என்று போட்டிருந்தால், பொறியாளரைக் கேட்காமல் மாற்ற வேண்டாம்.

ஓரம், நடு என்று பாராமல் ஜாயின்ட் முழுக்க வீசினால் அது வேறு விஷயம்: ஜாபே காந்தமாகியிருக்கிறது. காந்தத் தூக்கியில் தூக்கிய பைப், காந்தத்துகள் சோதனை செய்த பைப் ஆகியவற்றில் இது சகஜம். நூலில் ஒரு குண்டூசியைக் கட்டி ஜாயின்ட் இடைவெளிக்கு அருகே தொங்கவிடுங்கள். இழுத்தால் காந்தம் தங்கியிருக்கிறது. காந்தப்புலம் அளக்கும் மீட்டர் இருந்தால் 20 காஸுக்குக் (புலத்தின் அலகு) கீழே கவலையில்லை, 40-க்கு மேலே ரூட் ஓட்டவே முடியாது. வெல்டிங் கேபிளையே பைப்பின் மேல் ஜாயின்ட்டுக்கு அருகே 6 முதல் 8 சுற்று சுற்றி டிசி விடுங்கள். குண்டூசியின் இழுப்பு கூடினால் சுற்றைத் திருப்பிப் போடுங்கள்; குறைந்தால் சரியான திசை. ரூட் நிரம்பியதும் இடைவெளி இரும்பால் மூடிவிடும்; அதன்பின் காந்தக் கோடுகள் வெளியே எட்டிப்பார்க்காது, அதன் மேல் போடும் அடுக்குகள் தொல்லையில்லாமல் போகும்.

கேள்வி: பி.எஸ்சி. ஆய்வகத்தில் தாம்சன் முறையில் எலக்ட்ரானின் மின்னூட்ட-நிறைத் தகவு கண்டுபிடிக்கும் சோதனை. மூன்று முறை செய்தும் 1.2 × 10¹¹-ஐத் தாண்டவில்லை. எங்கே தப்பு?
– இரண்டாம் ஆண்டு இயற்பியல் மாணவர், பாளையங்கோட்டை

பதில்: சரியான மதிப்பு 1.759 × 10¹¹ கூலூம்/கிலோகிராம். தட்டுகளின் மின்புலம் எலக்ட்ரான் கற்றையை விலக்க, காந்தங்கள் திரையில் அதன் புள்ளியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும் சோதனை இது. சூத்திரத்தை வாய்ப்பாடாகப் பார்க்காமல் எதில் பிழை பெருகும் என்று பாருங்கள். தட்டுகளின் மின்னழுத்தத்தைப் புள்ளியின் விலகலால் பெருக்குகிறோம். அதை வகுப்பது தட்டின் நீளம், தட்டின் நடுவிலிருந்து திரை வரை தூரம், தட்டுகளின் இடைவெளி, காந்தப்புலத்தின் வர்க்கம் ஆகிய நான்கின் பெருக்கம். முதல் மூன்றும் குழாயோடு வரும் அட்டையில் இருக்கும். ஆகவே சந்தேகம் காந்தப்புலத்தின் மேல். அது வர்க்கத்தில் வருவதால் 10 சதவீதம் கூடுதலாக அளந்தால் விடை 17 சதவீதம் குறையும். உங்கள் விடைக்கு, புலம் 20 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக அளக்கப்பட்டிருக்க வேண்டும்.

காந்தமானியில் கோணத்தின் டேன் மதிப்பைப் பூமியின் கிடைத்தளப் புலத்தால் பெருக்கித்தானே புலத்தை எடுக்கிறீர்கள்? முள் 45 டிகிரியில் நிற்கும்போது ஒரு டிகிரி தப்பாகப் படித்தால் இறுதி விடையில் 7 சதவீதப் பிழை. முள் 75 டிகிரியில் நின்றால் அதே ஒரு டிகிரி 14 சதவீதமாகிவிடும். ஆகவே முள் 30-க்கும் 60-க்கும் இடையில் நிற்குமாறு தட்டு மின்னழுத்தத்தைத் தேர்ந்தெடுங்கள். கிடைத்தளப் புலத்துக்கு வட இந்தியப் புத்தகத்தின் எண்ணைப் போடாதீர்கள். தமிழ்நாட்டில் அது சுமார் 40 மைக்ரோடெஸ்லா.

அடுத்தது வைக்கும் முறை. குழாயின் அச்சு காந்த வடக்கு-தெற்காக இருக்க வேண்டும். அப்போதுதான் பூமியின் கிடைத்தளப் புலம் எலக்ட்ரான் ஓடும் கோட்டிலேயே விழுந்து, சைன் சுழியாகி, அதன் விசை ஒழியும். திசைகாட்டியை வைத்துப் பார்க்கும்போது குழாய், மின்வழங்கி, சட்டக் காந்தங்கள் மூன்றும் மேசையில் இருக்கக் கூடாது. இரும்புக்கால் மேசை, பக்கத்து எஃகு பீரோ, சட்டைப் பையில் செல்போன் எல்லாம் முள்ளைத் திருப்பும். இரண்டு சட்டக் காந்தங்களும் தாங்கியில் கிழக்கு-மேற்காக நீளும் சட்டத்தில், எதிரெதிர் முனைகள் ஒன்றையொன்று பார்க்க இருக்க வேண்டும். ஒத்த முனைகள் பார்த்தால் நடுவில் புலம் அழிந்துபோகும்.

பலர் சறுக்கும் இடம் இதற்குப் பின்தான். புள்ளியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்ததும் காந்தங்கள் இருக்கும் தூரத்தைத் தொடக் கூடாது. குழாயை மட்டும் உருவிவிட்டு, தட்டுகளின் நடுப்புள்ளி எங்கே இருந்ததோ சரியாக அங்கே காந்தமானியின் நடுவை வைக்க வேண்டும். ஒரு காந்தத்தின் பக்கமாக நகர்ந்தால் புலம் கூடுதலாகக் காட்டும். பிறகு தட்டின் முனைகளை மாற்றி, காந்தங்களையும் திருப்பிப் போட்டு இன்னொரு முறை எடுத்துச் சராசரி காணுங்கள்.

இவ்வளவும் செய்தாலும் 10 சதவீதம் தள்ளி வரலாம். சட்டக் காந்தத்தின் புலம் தட்டின் எல்லையோடு நின்றுவிடாமல் வெளியேயும் பரவி, எலக்ட்ரானைக் கூடுதல் தூரம் தள்ளுவதால் வரும் பிழை அது. ரெக்கார்டில் வந்த எண்ணையே எழுதிக் காரணத்தையும் எழுதுங்கள். 1897-ல் கேம்பிரிட்ஜில் தாம்சன் இதைச் செய்வதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஹெர்ட்ஸ் இதே மாதிரி தட்டு வைத்துப் பார்த்து, கற்றை விலகவே இல்லை என்று முடிவுகட்டினார். குழாயில் மிஞ்சியிருந்த வாயு மின்சாரம் கடத்தித் தட்டின் புலத்தைக் கெடுத்ததுதான் காரணம். வெற்றிடத்தைச் சரிசெய்ததும் தாம்சனுக்கு விலகியது.

கேள்வி: வீட்டில் பழைய கலர் டிவி. குழந்தை ஸ்பீக்கர் காந்தத்தைத் திரையில் வைத்துவிட்டான். எடுத்த பிறகும் பச்சையும் ஊதாவுமாகக் கறை நிற்கிறது. போகுமா?
– வாசகி, மதுரை

பதில்: பெரும்பாலும் போகும். பிக்சர் டியூபில் எலக்ட்ரான் கற்றைகள் சுமார் 25,000 வோல்ட் தள்ளலில் திரைக்கு வருகின்றன. திரைக்குச் சற்றுப் பின்னால் நுண்துளைகள் நிறைந்த மெல்லிய இரும்புத் தகடு இருக்கிறது. ஒவ்வொரு கற்றையும் தன் நிறப் புள்ளியில் மட்டும் விழ வைப்பது அதுதான். காந்தம் அந்தத் தகட்டைக் காந்தமாக்கிவிட்டது. அதனால் கற்றைகள் பக்கத்துப் புள்ளியில் விழுகின்றன.

இவ்வளவு நுணுக்கமா என்றால், ஆம். பூமியின் புலம் மட்டுமே அந்த எலக்ட்ரானை சுமார் 13 மீட்டர் ஆரத்தில் வளைக்கும். 30 சென்டிமீட்டர் தூரத்தில் அது 3 மில்லிமீட்டர் விலகல்.

டிவியை மெயின் சுவிட்சில் அணைத்து 20 நிமிடம் விட்டுப் போடுங்கள். போடும்போது 'டும்' என்று ஒரு சத்தம் கேட்கும். டியூபைச் சுற்றியுள்ள கம்பிச் சுருளில் ஏசி பாய்ந்து படிப்படியாகக் குறைந்து தகட்டின் காந்தத்தை அழிக்கும் சத்தம் அது. உடனே அணைத்து உடனே போட்டால் பயனில்லை. மின்னோட்டத்தைக் குறைக்கும் தெர்மிஸ்டர் ஆறியிருக்க வேண்டும். நான்கைந்து முறை செய்தும் போகாவிட்டால் மெக்கானிக்கிடம் கையில் பிடிக்கும் காயில் (சுருள்) இருக்கும். திரை முன் வட்டமாகச் சுற்றிக்கொண்டே 2 மீட்டர் பின்வாங்கிய பிறகுதான் அணைக்க வேண்டும். பக்கத்திலேயே அணைத்தால் கறை மோசமாகும். பின்மூடியை நீங்கள் கழற்ற வேண்டாம். அணைத்த பிறகும் டியூபில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

கேள்வி: ஹப் மோட்டார் மின் ஸ்கூட்டர் ஒன்று சர்வீஸுக்கு வந்திருக்கிறது. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது உதறுகிறது. காலால் தள்ளிவிட்டால் ஓடிவிடுகிறது. கன்ட்ரோலர் மாற்றியும் சரியாகவில்லை.
– மெக்கானிக், ஈரோடு

பதில்: சக்கரத்தின் காந்தங்களை உணர்ந்து அதன் நிலையைச் சொல்லும் ஹால் சென்சரைப் பாருங்கள். மோட்டார் ஓடும்போது சுருளில் எழும் எதிர் மின்னழுத்தத்தை வைத்துச் சில கன்ட்ரோலர்கள் சக்கரத்தின் நிலையைத் தெரிந்துகொள்ளும். நிற்கும்போது அது இல்லை. ஹால் சென்சர் மூன்றும் சொல்வதை மட்டுமே நம்ப வேண்டும். ஒன்று பொய் சொன்னால் உதறும்.

சென்சருக்குள் நடப்பது இதே குறுக்குத் தள்ளல்தான். சின்னக் குறைக்கடத்திச் சில்லில் மின்னோட்டம் ஓடுகிறது; மேலே காந்தம் வந்ததும் ஓடும் மின்னூட்டங்கள் ஒரு ஓரத்துக்கு ஒதுங்குகின்றன; இரண்டு ஓரத்துக்கும் இடையே மின்னழுத்தம் எழுகிறது. எட்வின் ஹால் 1879-ல் தங்க ரேக்கில் கண்டது. செம்பில் இது மிக அற்பம்: 0.1 மில்லிமீட்டர் தகட்டில் 1 ஆம்பியர் விட்டு 1 டெஸ்லா வைத்தாலும் ஒரு மைக்ரோவோல்ட் கூடத் தேறாது. குறைக்கடத்தியில் மின்னூட்டங்கள் குறைவு. அதே மின்னோட்டத்தைச் சுமக்க ஒவ்வொன்றும் பல மடங்கு வேகமாக ஓட வேண்டும். வேகம் கூடினால் தள்ளலும் கூடும்.

சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி வையுங்கள். ஐந்து மெல்லிய கம்பிகள் வரும் கனெக்டரை மாட்டியபடியே, பின்பக்கமாக மீட்டர் முனையைச் செருகுங்கள். சிவப்பு-கறுப்பு இடையே பெரும்பாலான வண்டிகளில் 5 வோல்ட்டை ஒட்டி வரும். பிறகு கறுப்புக்கும் மஞ்சள், பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் இடையே பார்த்துக்கொண்டே சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். ஒவ்வொன்றும் சுழிக்கும் 5-க்கும் மாறி மாறித் தாவ வேண்டும். ஒன்று மட்டும் தாவாமல் நின்றால் அந்த சென்சரோ அதன் கம்பியோ போய்விட்டது. மூன்றும் ஒரே நேரத்தில் மேலேயோ கீழேயோ நிற்கும் நிலை 120 டிகிரி அமைப்பில் வரவே கூடாது.

மோட்டாரைக் கழற்றித் தனியாகச் சோதிக்கிறவர்கள் நல்ல சென்சரையே கெட்டது என்று தூக்கிப்போடுவதுண்டு. இந்த சென்சரின் வெளியீடு திறந்த கலெக்டர். தானாக 5 வோல்ட் தராது. சிவப்புக்கும் சிக்னலுக்கும் இடையே ஒரு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டால்தான் மீட்டரில் தாவல் தெரியும்.

சென்சரை விட அச்சின் வழியே வரும் கேபிள் முதலில் கெடும். அச்சு நட்டைத் திருகும்போது கேபிள் முறுகி உறை கிழிந்திருக்கும், அல்லது மழைநீர் அந்தத் துளை வழியே இறங்கியிருக்கும். சென்சர்தான் என்றால் மூன்றையும் மாற்றுங்கள், பழையது போலவே லாட்ச் வகை (எதிர்முனை வரும் வரை நிலை மாறாதது). எழுத்து அச்சிட்ட முகம் முன்பு பார்த்த பக்கமே பார்க்க வேண்டும். ஒன்று புரண்டால் அதன் சிக்னல் தலைகீழாகி, புது சென்சர் போட்டும் உதறல் நிற்காது. பேட்டரியைக் கழற்றிய பிறகே சால்டரிங் அயர்னை எடுங்கள்.

கேள்வி: எங்கள் குடிநீர்த் திட்டத்தில் மின்காந்த ஓட்டமானி வைத்திருக்கிறோம். மோட்டாரை நிறுத்தி, குழாயில் தண்ணீர் வடிந்த பிறகும் எண் ஏறிக்கொண்டே இருக்கிறது.
– பம்ப் ஆபரேட்டர், தேனி மாவட்டம்

பதில்: தண்ணீரில் கரைந்த உப்பின் அயனிகள் ஓடும்போது, குழாய்க்குக் குறுக்கே வைத்த காந்தப்புலம் நேர் அயனிகளை ஒரு பக்கமும் எதிர் அயனிகளை மறு பக்கமும் தள்ளும். இரண்டு மின்முனைகளுக்கு இடையே எழும் மின்னழுத்தம் புலம் × குழாய் விட்டம் × ஓட்ட வேகம். 5 மில்லிடெஸ்லா, 10 சென்டிமீட்டர் குழாய், நொடிக்கு 2 மீட்டர் என்றால் வருவது வெறும் 1 மில்லிவோல்ட். இவ்வளவு சின்ன சிக்னல் என்பதால் மின்முனை தண்ணீரில் முழுகாமல் காற்றில் நின்றால் பக்கத்துக் கேபிளின் இரைச்சலையே ஓட்டமாக எண்ணும். உங்களிடம் நடப்பது இதுதான்.

குழாய் எப்போதும் நிரம்பியிருக்கும் இடத்துக்கு மானியை மாற்றுங்கள்: தண்ணீர் மேலேறும் செங்குத்துக் குழாய், அல்லது கிடைக்குழாயின் தாழ்ந்த பகுதி. கிடையாக வைத்தால் மின்முனைகள் இடம்-வலமாக இருக்கட்டும். மேல்-கீழாக இருந்தால் மேல்முனையில் குமிழி உட்காரும். மானிக்கு முன்னால் விட்டத்தைப் போல் 5 மடங்கும் பின்னால் 2 மடங்கும் நேர்க்குழாய் வேண்டும். பிவிசி குழாய் என்றால் இரு பக்கமும் எர்த் வளையம் கட்டாயம். சிக்னல் கேபிளை மோட்டார் கேபிளோடு ஒரே பைப்பில் இழுக்காதீர்கள். இவை சரியான பின், வால்வை மூடி, குழாய் நிரம்பிய நிலையில் சுழி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பெட்ரோல் குழாயில் காந்தம் மாட்டினால் மைலேஜ் கூடுமா?
– வாசகர், விழுப்புரம்

பதில்: கூடாது. பெட்ரோல் மூலக்கூறில் நேர், எதிர் மின்னூட்டங்கள் சமம். இரண்டும் சேர்ந்தே ஓடுவதால் ஒன்றின் மேல் விழும் தள்ளலை மற்றொன்றின் மேல் விழுவது அழித்துவிடும். மேலே சொன்ன ஓட்டமானியால் பெட்ரோலை அளக்க முடியாததும் இதனால்தான். அதில் ஒதுக்கித் தள்ள அயனிகள் இல்லை. பணத்தை ஏர் ஃபில்டருக்குச் செலவிடுங்கள்.

கேள்வி: விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களை ஆராயும் கூடம் ஊட்டியில் இருக்கக் காரணம் உயரம் மட்டும்தானா?
– வாசகர், கோத்தகிரி

பதில்: உயரம் ஒரு காரணம், சுமார் 2,200 மீட்டர். காந்தவியல்படி இன்னொரு சிறப்பும் உண்டு. காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. கேரளத்தின் தும்பாவை ராக்கெட் ஏவத் தேர்ந்தெடுத்ததும் இதற்காகவே. இங்கே பூமியின் புலக்கோடுகள் கிடையாகக் கிடக்கின்றன. மேலிருந்து இறங்கும் துகள் அவற்றை நேர்குறுக்காக வெட்டியாக வேண்டும். தள்ளல் முழு அளவில் விழும். துருவத்திலோ துகள் கோட்டை ஒட்டியே வழுக்கி இறங்கிவிடும்.

இதனால் ஊட்டிக்கு மேலே செங்குத்தாக வரும் புரோட்டானுக்கு சுமார் 17 ஜிகாவோல்ட் அளவுக்கு உந்தம் இல்லாவிட்டால் அது வளிமண்டலத்தைத் தொடாமலே திருப்பி அனுப்பப்படும். உள்ளே நுழையத் தேவையான இந்தக் குறைந்தபட்ச அளவை வாசல் என்று வைத்துக்கொண்டால், உலகிலேயே மிக உயர்ந்த வாசல்களில் இது ஒன்று. தரைமட்டப் புலத்தின் அளவு மேலேயும் இருந்தால் அத்தகைய புரோட்டான் வளையும் ஆரம் 1,400 கிலோமீட்டர்! நேர்மின் துகள்களுக்குக் கிழக்கு வாசல் இன்னும் உயரம், மேற்கு வாசல் தாழ்வு. மேற்கிலிருந்து அதிகம் வருவதை 1933-ல் அளந்துதான் காஸ்மிக் கதிர்களில் பெரும்பாலானவை நேர்மின் துகள்கள் என்று தெரிந்துகொண்டார்கள்.

டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் நடத்தும் அந்தக் கூடத்தில் கிரேப்ஸ்-3 என்ற கருவித்தொகுதி இருக்கிறது. 6 மீட்டர் நீள எஃகுக் குழாய்களால் ஆன 3,712 எண்ணிகள், 560 சதுர மீட்டர் பரப்பில் மியூவான்களை (காஸ்மிக் கதிர் காற்றில் மோதும்போது பிறக்கும் துகள்களை) எண்ணுகின்றன. 2015 ஜூன் 22-ல் சூரியனிலிருந்து வந்த பிளாஸ்மா வீச்சு பூமியின் புலத்தை நெருக்கியபோது மியூவான் எண்ணிக்கை சுமார் 2 மணி நேரம் கூடியது. வாசல் சற்றுத் தாழ்ந்து, வழக்கமாகத் திரும்பிப்போகும் துகள்களும் உள்ளே வந்தன என்பதே ஆய்வாளர்கள் தந்த விளக்கம்.

கேள்வி: விசை திசைவேகத்தைப் பொறுத்தது என்கிறோம். மின்துகளோடு கூடவே நானும் ஓடினால் என் பார்வையில் அது நிற்கிறது. விசை சுழியாக வேண்டும். ஆனால் அது வளைகிறதே? மாணவர்கள் கேட்கும்போது திணறுகிறேன்.
– இயற்பியல் ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: கூட ஓடுகிறவருக்குக் காந்தவிசை சுழிதான். ஆனால் அவர் பார்வையில் காந்தங்கள் எதிர்ப்பக்கம் ஓடுகின்றன; ஓடும் காந்தம் ஒரு மின்புலத்தைக் கொண்டுவரும். 1 டெஸ்லா புலத்தைக் குறுக்காக நொடிக்கு 100 மீட்டரில் கடந்தால் அவருக்கு அங்கே மீட்டருக்கு 100 வோல்ட் மின்புலம் தெரியும். நிற்கிற மின்னூட்டத்தையும் அது தள்ளும். நாம் காந்தவிசை என்பதை அவர் மின்விசை என்பார். துகள் வளைவதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஐன்ஸ்டைனின் 1905 சார்பியல் கட்டுரை இந்தக் காந்தத்தையும் கடத்தியையும் பற்றிய கேள்வியோடுதான் தொடங்குகிறது.

வகுப்பில் காட்ட 500 சுற்றுக் காயிலும் நடுவில் சுழி உள்ள கால்வனோமீட்டரும் போதும். காயிலை நிறுத்தி அதற்குள் காந்தத்தை ஒரே சீராகச் செலுத்துங்கள். அடுத்து காந்தத்தை மேசையில் ஒட்டிவிட்டு, காயிலை அதே வேகத்தில் அதன் மேல் செலுத்துங்கள். இணைப்புக் கம்பிகள் நீளமாகவும் தொய்வாகவும் இருக்கட்டும். காயிலோடு கம்பி இழுபட்டு மீட்டர் ஆடினால் மாணவர்கள் அதைத்தான் பார்ப்பார்கள். முதல் முறை முள்ளை நகர்த்தியது மின்புலம், இரண்டாம் முறை காந்தவிசை. முள் இரண்டு முறையும் ஒரே பக்கம், ஒரே அளவு விலகும்.